ஒரு மணி பத்து நிமிடம் வாழ்க!

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்துக்குப் போய்விட்டால் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் எல்லாம் சேர்த்து வானத்தில் இருப்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பத்தைந்து நிமிடம். தரையில் ஊர்வதற்கு மிச்சத்தைக் கூட்டினால் ஒரு மணி பத்து. விசிறி சுழலும் சின்ன ஏடிஆர் விமானம் என்றால் ஒன்றரை மணிக்குப் பக்கம். கணக்குச் சுத்தம்.

இந்தக் கணக்கின் அழகே அதன் அடக்கம்தான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததும் தொடங்கி, போன ஊரில் நின்றதும் முடிந்துவிடும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்பதில் மூக்கை நுழைக்காது. மதுரை ஓடுபாதையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஒருவர் மீனம்பாக்கம் ஓடுபாதையில் குடியிருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டால், ஒரு மணி பத்து நிமிடத்தில் கதவைத் தட்டிவிடலாம். அப்படிப்பட்ட பாக்கியசாலியை நான் இன்னும் பார்க்கவில்லை. சிம்மக்கல்லில் குடியிருக்கிறோம், சம்பந்தி அம்பத்தூரில் இருக்கிறார். இடம் பார்த்து வீடு கட்டத் தெரியாதது நம் பாட்டன் பூட்டன் செய்த பிழை. விமானத்தைச் சொல்லிக் குற்றமில்லை.

வானத்துக்கு ஓரவஞ்சனையும் கிடையாது. நேர்கோட்டில் அளந்தால் மதுரைக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம், சுமார் 375 கிலோமீட்டர். அதைவிடப் பக்கம் கொழும்பு. கட்டுநாயக்க விமான நிலையம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். சொந்த மாநிலத்தின் தலைநகரத்தைவிட அயல்நாட்டின் விமான நிலையம் அறுபது எழுபது கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிற பெருமை எத்தனை ஊருக்கு வாய்க்கும்? 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குத்தான் பறந்தது. கோட்டையில் ஒரு கையெழுத்து வாங்க அலைகிறவர்கள் அன்றைக்கு வரைபடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

மதுரை விமான நிலையத்தின் ஒழுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய இடம் அது. ஊரின் சந்தடி காதில் விழாதபடி தெற்கே பெருங்குடிப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. 2010 செப்டம்பர் 12 அன்று புது முனையம் திறந்தார்கள். பளபளவென்ற தரை, உயர்ந்த கூரை. ஆனால் இரவானால் நல்ல பிள்ளையாகக் கதவைச் சாத்திப் படுத்துவிடும். நள்ளிரவில் இட்லி கிடைக்கும், விடிய விடியப் பூ கட்டுவார்கள், தூங்கா நகரம் என்று நாடே சொல்லும். அந்த ஊரில் தூங்கப் போகிற ஒரே பெரிய மனிதராக விமான நிலையம் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல்தான் இருபத்து நான்கு மணி நேரமும் கண் விழித்திருக்க அதற்கு அனுமதி கிடைத்தது. கூட விழித்திருக்கப் போதுமான விமானங்கள் வந்து சேரட்டும் என்று அதுவும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

பொறுமை என்றதும் ஓடுபாதை நினைவுக்கு வருகிறது. 7,500 அடி நீளம். அதை 12,500 அடியாக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கத் தொடங்கி ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டது. நிலம் எடுப்பு, இழப்பீடு, வழக்கு, சுற்றுச்சாலையை ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டு போவதா வேறு பக்கம் திருப்புவதா என்ற ஆலோசனை என்று வேலை ஓயாமல் நடக்கிறது. ஒரு மணி பத்து நிமிடத்தில் சென்னைக்குப் போகிற அவசரக்காரர்களுக்கு, அவசரப்படக் கூடாது என்று இதைவிட நயமாக யார் எடுத்துச் சொல்ல முடியும்?

இனி பயணத்துக்கு வருவோம். சிம்மக்கல்லிலிருந்து மதுரை சந்திப்பு சுமார் இரண்டு கிலோமீட்டர். பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வழியில் ஒரு காபி குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம். இதில் என்ன கௌரவம் இருக்கிறது? பயணம் போகிறோம் என்று தெருவுக்கே தெரியாது. விமான நிலையம் அப்படி நம்மை அலட்சியப்படுத்தாது. பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ஊர் முழுவதையும் காட்டித்தான் நம்மை அழைத்துக்கொள்ளும்.

முதல் மரியாதை ஆட்டோ ஸ்டாண்டில். ரயிலடி என்றால் தலையைக்கூடத் திருப்பாத டிரைவர், ஏர்போர்ட் என்றதும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்.

"ஏர்போர்ட்டாண்ணே? அங்கிட்டுருந்து சவாரி கெடைக்காது, வெறும் வண்டியாத்தான் திரும்பணும். நீங்களே பாத்துக் குடுங்க."

"நீங்களே பாத்துக் குடுங்க" என்பதற்கு என்ன தொகை என்று ஐந்து நிமிடம் பேசி முடித்தபிறகு வண்டி கிளம்பும். வடக்கு வெளி வீதியை விட்டால் கீழவெளி வீதி, கீழவாசல், தெற்குவாசல் பாலம், வில்லாபுரம், அவனியாபுரம். பொங்கல் அன்றைக்கு அவனியாபுரத்தில் வாடிவாசல் திறப்பார்கள், மதுரைப் பக்கத்துப் பெரிய ஜல்லிக்கட்டுகளில் அதுதான் முதல். அன்றைக்கு விமானம் பிடிக்கிறவருக்குக் காளைகளைப் பார்க்கும் பாக்கியமும் தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கலாம். மற்ற நாளிலும் குறை வைக்க மாட்டார்கள். சித்திரையில் தேர், ஆவணியில் புட்டுத் திருவிழா, தையில் தெப்பம், நடுவில் கல்யாண ஊர்வலம், கட்சி ஊர்வலம், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். மதுரையைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வழிகாட்டி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு விமான டிக்கெட்டோடு அது இலவசம். நாற்பது நிமிடத்தில் முடியும் சுற்றுலாவும் உண்டு, ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆட்டோக்காரரின் யோகம், நம்முடைய யோகம்.

மெட்ரோ ரயில் வந்தால் இந்த இன்பம் குறைந்துவிடுமோ என்று சிலருக்குக் கவலை இருந்தது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டுத் தில்லிக்கு அனுப்பினார்கள். 2025 நவம்பரில் அது திரும்பி வந்துவிட்டது. மக்கள்தொகை போதவில்லையாம். தெற்குவாசல் பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றுகொண்டு அந்தச் செய்தியைப் படித்தவர்கள் மனம் நிறைந்திருப்பார்கள்.

விமான நிலையம் வந்தாயிற்று. இரண்டு மணி நேரம் முன்னதாக வாருங்கள் என்பது விமானக் கம்பெனிகளின் அன்பான வேண்டுகோள். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள், ஏறும் வாசல் கடைசி இருபத்தைந்து நிமிடத்தில் மூடிவிடும். ஆக, ஒரு மணி பத்து நிமிடம் பறப்பதற்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தயாராக வேண்டும். எந்தப் பெரிய காரியத்துக்கும் இப்படி ஒரு தயாரிப்பு வேண்டும்தானே. ரயில் பயணிகளுக்கு இந்தப் பக்குவம் வராது. வண்டி நகரத் தொடங்கியபிறகு ஓடிவந்து தொற்றிக்கொண்டு, "எஸ் ஃபோர் இதானே?" என்று கேட்கிற கூட்டம் அது.

பாதுகாப்புச் சோதனையில்தான் நம் உடைமைகளின் உண்மையான மதிப்பு தெரியும். ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அப்பத்தா. சென்னையில் பேத்திக்குப் பிரசவம், மகன் டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறான். சுருக்குப்பையை டிரேயில் வைக்க மாட்டேன் என்று முதலில் தகராறு. பிறகு அது உருளைப் பட்டையில் உள்ளே போய், திரையில் தெரிந்து, திரும்பி வந்தது. உள்ளேயிருந்து பாக்குவெட்டியை எடுத்தார்கள். தேய்ந்து தேய்ந்து கறுத்த பழைய இரும்பு. தமிழ் தெரிந்த ஊழியப் பெண் பக்குவமாகச் சொன்னாள்.

"பாட்டிம்மா, இதைக் கொண்டுபோகக் கூடாது."

"ஏத்தா, அப்ப பாக்கை எதுல நறுக்குறது? பல்லு இருந்தா இதை எதுக்கு நான் தூக்கிக்கிட்டுத் திரியுறேன்?"

பாக்குவெட்டி நின்றுவிட்டது, அப்பத்தா போய்விட்டார். நாற்பது ஆண்டாக ஒரு கொட்டைப்பாக்கைத் தவிர எதையும் வெட்டாத அந்த ஆயுதத்திடமிருந்து நூற்றுச் சொச்சம் உயிர்கள் அன்றைக்குக் காப்பாற்றப்பட்டன. இப்படித்தான் கொப்பரையும் தேங்காயும் கையோடு வரக் கூடாது என்பது விதி. ஐயப்பமார்கள் தவித்துப் போய்க் கேட்டுக்கொண்டதன் பேரில், 2024 அக்டோபர் இறுதியில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும், அந்தச் சபரிமலைப் பருவம் முடியும்வரை, சோதித்து அனுப்பச் சலுகை தந்தார்கள். ஒரு தேங்காய் வானம் ஏற தில்லியில் உத்தரவு போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த வானத்தின் மதிப்பு என்ன!

சோதனை முடிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஆதார் அட்டை எந்தச் சட்டைப்பையில் போனது என்று தடவிக்கொண்டு உட்கார்ந்தால் டீ குடிக்கத் தோன்றும். விமான நிலைய டீயின் விலையைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை. அதைக் குறைக்க அரசாங்கமே இறங்கி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீ தரும் உடான் யாத்ரி கஃபேயை விழா எடுத்துத் திறந்தார்கள். சாதாரண விலையில் சாதாரண டீ கிடைப்பதற்கு ஒரு தேசியத் திட்டமும் திறப்பு விழாவும் தேவைப்படுகிற இடம் சாதாரண இடமா? சிம்மக்கல் டீக்கடைகளில் எந்தத் திட்டமும் இல்லாமல் பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது, பாவம்.

விமானம் தாமதமானால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணிக்குச் சிற்றுண்டி தர வேண்டும். நன்றாகக் கவனியுங்கள். பறக்கிற நேரம் ஒரு மணி பத்து. ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதமானால் அதன் பெயர் தாமதமே இல்லை. இரண்டாவது மணி முடிந்தால் ஒரு ரொட்டித் துண்டும் பழச்சாற்று டப்பாவும் வரும். எனக்கும் ஒருமுறை வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லி அவர்களுடைய அடக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை. கையில் ரொட்டியோடு நிற்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்து, நம்முடைய பொறுமைக்கு நன்றி என்றது. பொறுமையாக இருப்பதாக நாம் யாரிடமும் சொல்லவே இல்லை. எவ்வளவு உயர்வாக நம்மை நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கடைசியில் ஏறிவிட்டோம், பறந்துவிட்டோம். இந்தப் பகுதியைப் பற்றி வஞ்சனை இல்லாமலே புகழலாம். வைகை மணல் கீழே வெள்ளைக் கோடாகும், கோபுரங்கள் விரல் உயரமாகும், யானைமலை படுத்திருப்பது நன்றாகத் தெரியும். ஜன்னலோரம் கிடைத்தால் கொடுத்து வைத்தவர். அந்த ஜன்னலுக்குத் தனிக் காசு வாங்குவது அந்த அழகுக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் விளக்கு அணையும், தள்ளுவண்டி வரும், வெந்நீர் ஊற்றினால் உப்புமாவாகும் டப்பா வரும். அது உப்புமாவாகி முடிப்பதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிடும்.

சில நாட்களில் சென்னை வானத்தில் நெருக்கடி இருந்தால் கடலுக்கு மேல் இரண்டு சுற்றுக் காட்டிவிட்டு இறக்குவார்கள். சில நாட்களில் "குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று குரல் பூரிக்கும். முக்கால் மணி வேலைக்கு ஒரு மணி பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் பத்து நிமிடத்தை நமக்கே பரிசாகத் தருகிற தாராள மனசு வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? ரயில்வேயும் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே இந்த வித்தையைக் கொஞ்சம் பழகியிருக்கிறது. ஆனால் நேரத்துக்கு வந்தால் அங்கே ஒலிபெருக்கியில் யாரும் பூரிப்பதில்லை.

மதுரை மல்லி நாம் புறப்பட்ட அதே மதுரை விமான நிலையத்திலிருந்தும் வெளிநாட்டுக்குப் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்து, பெட்டியில் அடுக்கி அனுப்பினால், போய்ச் சேர்ந்த ஊரில் பூக்கும். நாம் காலையில் பூத்துப் புறப்பட்டு, சென்னையில் வாடி இறங்குகிறோம். சரக்காகப் போகிறவர்களுக்கு இருக்கிற வசதி ஆளாகப் போகிறவர்களுக்கு இல்லை என்று நான் குறை சொல்லவில்லை.

சென்னையில் இறங்கியதும் பயணம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் புதிதாகப் பறப்பவர்கள். விமானம் தூரத்தில் நின்றால் பஸ் வரும். பஸ் நிறையும்வரை நிற்க வேண்டும். பெட்டிக்காகப் பட்டையைச் சுற்றி நிற்க வேண்டும். எல்லாருடைய பெட்டியும் கறுப்பு, எல்லாரும் நம் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார்கள். வெளியே வந்தால் கார் அழைக்கிற ஆப்பில் விலை நம்மைப் பார்த்ததும் எழுந்து நிற்கும். சிக்கனமானவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது, 2016 செப்டம்பரிலிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது. அதில் ஏறி, ஆலந்தூர், கோயம்பேடு என்று சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் எழும்பூர் போய்விடலாம். ஆமாம், எழும்பூர். மதுரையில் ரயில் ஏறியிருந்தால் எந்த இடத்தில் இறங்கியிருப்போமோ அதே எழும்பூர். தாம்பரத்தில் வேலை என்றால் இன்னும் விசேஷம். வைகை, தேஜஸ், வந்தே பாரத் ரயில்கள் மூன்றும் அங்கே நின்றுதான் போகின்றன.

கூட்டிப் பார்க்கலாமா? சிம்மக்கல்லிலிருந்து விமான நிலையம் ஒரு மணி. உட்கார்ந்து தயாராவது இரண்டு மணி. பறப்பது ஒரு மணி பத்து. இறங்கி, பெட்டி எடுத்து, வெளியே வர அரை மணி. சென்னைக்குள் போக ஒரு மணி. ஆக ஐந்து மணி நாற்பது நிமிடம், எதுவும் தாமதமாகாமல் இருந்தால். 2023 செப்டம்பர் 24 அன்று ஓடத் தொடங்கிய, திருநெல்வேலியிலிருந்து வரும் வந்தே பாரத் மதுரையிலிருந்து எழும்பூருக்குச் சுமார் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் ஆறேகாலோ ஆறரையோ. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜில் புறப்பட்ட வைகை அன்றைக்கே ஏழு மணி ஐந்து நிமிடத்தில் சென்னையைத் தொட்டது. ரயிலுக்கும் இரண்டு பக்கமும் அரை மணி போட்டுக்கொள்வோம், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அப்படியும் விமானம் ஒன்றேகால் மணிக்கு மேல் முந்துகிறது. வெற்றி வெற்றிதான். அதை யாரும் மறுக்க முடியாது.

அந்த ஒன்றேகால் மணியின் விலைக்கு வருவோம். வைகையில் சாதாரண இருக்கை இருநூறு ரூபாய்க்குப் பக்கத்தில். வந்தே பாரத்தில் ஆயிரத்துச் சொச்சம், சாப்பாட்டோடு. விமானத்தில் சாதாரண நாளில் மூன்றாயிரம், நான்காயிரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிற பிள்ளைகளிடம் பத்தாயிரத்துக்கு மேல் வாங்கிய ஆண்டுகள் உண்டு. அதே விமானம், அதே 420 கிலோமீட்டர், அதே உப்புமா. அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்ற ஆசைக்கு இன்ன விலை என்று துல்லியமாகக் கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டரை வேறு எங்கும் பார்க்க முடியாது. பழைய நாளில் அரசாங்க விமானம் ஒன்றுதான் இருந்தது. 1994இல் அந்தத் தனியுரிமைச் சட்டத்தை எடுத்தார்கள். கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றானது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்றார்கள். இறங்கத்தான் செய்தது, நாம் பயணம் போகாத நாட்களில்.

2016இல் உடான் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரப் பறப்பு, அதாவது ஏறத்தாழ 500 கிலோமீட்டர், 2,500 ரூபாய். திட்டத்தில் சேர்ந்த விமானங்களில் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு அந்த விலை. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்று பிரதமரே சொன்னார். பிறகு 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, மற்றக் கம்பெனிகளின் விலை விண்ணைத் தொட்டபோது, அரசாங்கம் தலையிட்டு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. நம் 420 கிலோமீட்டர் அதற்குள்தான் வந்தது. இரண்டும் வேறு வேறு ஏற்பாடுகள், ஒப்பிடக் கூடாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நானும் ஒப்பிடவில்லை. அதே 500 கிலோமீட்டருக்கு 2016இல் கனவாக இருந்த விலை 2,500, ஒன்பது ஆண்டு கழித்துக் கருணையாக வந்த விலை 7,500 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி மட்டும் வைக்கிறேன். ஹவாய் செருப்பு அப்படியே இருக்கிறது, வார் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் பறந்து வந்தவர்களின் முகத்தில் இருக்கிற ஒளியை எந்த ரயிலும் தராது. பெட்டியின் கைப்பிடியில் ஒட்டிய வெள்ளைப் பட்டையைப் பலர் கிழிப்பதில்லை. அது மழையில் நனைந்து, எழுத்து அழிந்து, தானாக உதிரும்வரை இருக்கும். எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். டீக்கடை வாசலில் பெட்டியை நிறுத்திவிட்டு, "ஒன் அவர்தான் மாமா, கண்ணை மூடித் தெறந்தா மதுர" என்றார். டீ மாஸ்டர் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"காலையில எட்டு மணிக்குக் கெளம்பிட்டேன்னு உங்க மாமியார்ட்ட போன்ல சொன்னீங்களாமே. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போச்சுன்னு அவங்க ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாக."

மாப்பிள்ளை டீயை ஊதினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் பறந்ததும் உண்மை, சாம்பார் ஆறியதும் உண்மை.

உடம்புக்கு முடியாதவர்களுக்கும், வெளிநாட்டு விமானம் பிடிக்க மீனம்பாக்கத்துக்கே போக வேண்டியவர்களுக்கும், செலவைக் கம்பெனி கொடுக்கிறவர்களுக்கும் இந்த விமானம் நிஜமாகவே உதவி. அவர்கள் தயங்காமல் போகலாம், நானும் கையசைத்து வழியனுப்புவேன். மற்றவர்கள் சென்னையில் யாராவது "எத்தனை மணிக்கு வந்து சேர்வீங்க?" என்று கேட்டால், டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைச் சொல்லாதீர்கள். அது விமானம் வந்து சேர்கிற நேரம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள் காலை விமானத்தில் போகட்டும். அதைவிட அவசரம் என்றால் முந்தின இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுங்கள்.